அளவுக்கு மீறிய வாசிப்பு

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டாள் என்ற புகாரின் பேரில் ஒரு மாணவி விசாரிக்கப்பட்டது ஞானதீர்த்தம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் அங்கே யார்மீதும் அப்படியொரு சந்தேகம்கூட எழுந்ததில்லை.

மாணவியின் பெயர் மிருதுளா. சிட்லபாக்கத்துப் பெண். அப்பா ராகவேந்திரா, ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. காலையில் சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கூடுவாஞ்சேரியில் இறங்கி, பல்கலைக்கழகத்தின் மஞ்சள் பேருந்தில் போய்ச் சேருவாள். பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் கீழ்த்தாங்கல் ஏரி. அதில் பாதி ஏற்கெனவே வாகன நிறுத்தம் ஆகிவிட்டிருந்தது. மீதிப் பாதியின் உபரி நீர் ஓடும் கால்வாய்மேல் 'அறிவு மாளிகை' என்ற ஏழு மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எல்லோரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். எழுதத் தொடங்கும் முன் ஆதாரத் தூய்மை மையம் நடத்தும் 'கல்விசார் வாசிப்பு உத்திகள்' பயிலரங்கில் உட்கார வேண்டும். மையத்தின் இயக்குநர் முனைவர் தோத்தாத்ரி. உயரமான மனிதர். எதைப் பேசினாலும் சற்று மேலே, மின்விசிறியைப் பார்த்துத்தான் பேசுவார்.

பயிலரங்கில் எல்லோருக்கும் ஒரு கையேடு தந்தார்கள். வாசிப்பில் மூன்று நிலைகள் என்று அதில் போட்டிருந்தது. முதல் நிலை, நுனிப்புல் மேய்தல். இரண்டாம் நிலை, புரட்டு. மூன்றாம் நிலை, நூலைத் திறவாது மேற்கோள் காட்டல். மூன்றாம் நிலையை முனைவர் பட்டத்துக்கு மேற்பட்டவர்கள் மட்டும் முயல வேண்டும் என்று அடிக்குறிப்பு எச்சரித்தது.

"ஒரு புத்தகம்னா என்ன?" என்று தோத்தாத்ரி மின்விசிறியைக் கேட்டார். "அட்டை, பொருளடக்கம், முன்னுரை, முடிவுரை. நடுவுல இருக்கறது, புத்தகம் கனமா இருக்கணுங்கறதுக்காக வைக்கறது. அதுல போய் மாட்டிக்கக் கூடாது. நான் இந்தத் துறையில முப்பது வருஷமா இருக்கேன். ஆயிரக்கணக்குல மேற்கோள் காட்டியிருக்கேன். ஒரு புத்தகத்த முழுசாப் படிச்சதா என்மேல யாரும் ஒரு குற்றம் சொல்ல முடியாது."

பேராசிரியர்கள் கைதட்டினார்கள். மாணவர்களும் தட்டினார்கள். மிருதுளாவும் தட்டினாள். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க ஓர் ஆதாரம் வேண்டுமே.

மையத்தின் அடிப்படை விதி ஒன்றே ஒன்று. ஆய்வேட்டில் ஆதாரமில்லாத வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மிருதுளாவின் ஆய்வு தென்சென்னைப் புறநகரின் ஏரிகளும் வெள்ளமும் பற்றியது. முதல் அத்தியாயத்தில், 'டிசம்பர் 2015 மழையில் சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது' என்று எழுதியிருந்தாள். அத்தியாயம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. ஆதாரம் எங்கே?

அவள் தன் வழிகாட்டி டாக்டர் பியூலாவிடம் போனாள். பியூலா நல்லவர். ஆனால் நல்லவராக இருப்பதற்கு மையத்தின் ஒப்புதல் வாங்கிக்கொண்டு இருப்பவர்.

"மேடம், நான் அங்கதான் இருந்தேன். பரண்மேல உட்கார்ந்துக்கிட்டுப் பார்த்தேன்."

"அதாம்மா பிரச்சனை. நீ சம்பந்தப்பட்ட ஆளு. உன் வீட்டுல தண்ணி வந்ததுக்கு நீயே ஆதாரமாக முடியாது. வேற யாராவது உன் வீட்டப் பத்தி எழுதியிருக்காங்களா?"

"எங்க வீட்டப் பத்தி யாரு மேடம் எழுதுவாங்க?"

"அப்ப வரலைன்னு வச்சுக்கோ," என்றார் பியூலா, வருத்தத்தோடுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தவன் ஹேமநாத். அவளுடைய வகுப்புத்தோழன், கோவளத்துக் கடலோரக் குப்பத்துப் பையன். அம்மா செல்வம்மாள் மீன் விற்றுப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவன் கான்டீனில் டீயை வைத்துவிட்டு யோசித்தான்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு? துறை இதழ் கீதுல்ல, அதுல நான் எழுதறேன். 'மிருதுளா வூட்டுல தண்ணி வந்துச்சு'ன்னு. நீ என்னிய ஆதாரமாப் போட்டுக்க."

"நீ எங்க வீட்டப் பார்த்ததே இல்லயேடா."

"பார்க்காததுனாலதான் செல்லும். பார்த்திருந்தா நானும் சம்பந்தப்பட்ட ஆளாயிருவேன்ல."

அப்படியே எழுதினான். அப்படியே அவள் மேற்கோள் காட்டினாள். அத்தியாயம் பச்சை முத்திரையோடு திரும்பி வந்தது. சிறந்த ஆதாரப் பயன்பாடு என்று ஓரத்தில் ஒரு நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்கள். மிருதுளாவுக்கு அன்று சிரிப்புத்தான் வந்தது. கோபம் வந்தது இரண்டாம் அத்தியாயத்தில்.

அந்தத் துறையில் ஏரியைப் பற்றி எழுதும் எவரும் ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தை மேற்கோள் காட்டியாக வேண்டும். பொன்வாக்கியம் என்றே அதற்குப் பெயர். 'ஏரி என்பது ஒரு நகரத்தின் வளர்ச்சியில் இடைக்கால நிலை மட்டுமே.' பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து காலமான பூவராகன் என்பவர் எழுதிய 'கலங்கலும் மதகும்' என்ற நூல், பக்கம் 211. அதை முதலில் எடுத்துக் காட்டியவர் தோத்தாத்ரி. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் தமிழிலேயே வர வேண்டும் என்பது விதி. மண் வாசனை வேண்டுமாம். அறிவு மாளிகையின் வாசலில் கறுப்புக் கிரானைட் கல்லில் பொன்னெழுத்தில் அதைப் பொறித்திருந்தார்கள். கால்வாயை மூடிக் கட்டடம் எழுப்பியபோது கேள்வி கேட்டு வந்த ஊர்க்காரர்களையும் அந்தக் கல்லின் முன்னால் நிறுத்தித்தான் பதில் சொல்லி அனுப்பினார்கள்.

மிருதுளா மற்றவர்களைப் போலவே தோத்தாத்ரியின் கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் கையேட்டின் ஒரு மூலையில், 'இயன்றவரை மூல நூலைக் காண்க' என்று யாரோ தெரியாமல் அச்சடித்து வைத்திருந்தார்கள். அவள் நூலகத்துக்குப் போனாள்.

நூலக உதவியாளர் கிட்டு, 'கலங்கலும் மதகும்' நூலை எடுத்து வந்து தூசி தட்டிக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னுரையை வாசித்தாள். பூவராகன் என்ற அந்த மனிதர் எழுதியது நன்றாக இருந்தது. ஒவ்வோர் ஏரிக்கும் போய், அதன் கரையில் மதியச் சாப்பாட்டை முடித்து, அங்கிருப்பவர்களிடம் வம்பளந்துவிட்டு எழுதியிருந்தார். முதல் அத்தியாயத்துக்குப் போனாள். இரண்டாவதுக்கும் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கிட்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"உடம்புக்கு ஏதாவது முடியலையாம்மா?"

"இல்லையே சார். படிச்சிட்டிருக்கேன்."

"ரொம்ப நேரமா ஒரே புத்தகத்த வச்சுண்டிருக்கியே, அதான் கேட்டேன்." அவர் சந்தேகத்தோடு திரும்பிப் போனார். சிறிது நேரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாளும் போனாள். மதியம் பக்கம் 211 வந்தது. கடைசி வரி: 'ஏரி என்பது ஒரு நகரத்தின் வளர்ச்சியில் இடைக்கால நிலை மட்டுமே'. பக்கம் அதோடு முடிந்திருந்தது. முற்றுப்புள்ளி இல்லை. மிருதுளா தாளைத் திருப்பினாள். பக்கம் 212 இப்படித் தொடங்கியது: 'என்று சொல்பவர்கள், ஐப்பசி மாதத்தில் ஒரு வாரம் அதன் கரையில் குடும்பத்தோடு குடியிருந்து பார்க்க வேண்டும். பிழைத்துக் கிடந்தால் மறுபடி வந்து சொல்லட்டும்.'

அவள் தாளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனில் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது அந்தக் கிரானைட் கல் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கல்லில் 'மட்டுமே' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய முற்றுப்புள்ளி. அது மட்டும்தான் தோத்தாத்ரியின் சொந்தப் பங்களிப்பு என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

பியூலாவிடம் படத்தைக் காட்டினாள். பியூலா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அடுத்த பக்கத்தத் திருப்பச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல மேடம். வாக்கியம் முடியல, அதனால திருப்பினேன்."

"இதோ பாரும்மா. என் ஆய்வேட்டுலயும் இந்த வாக்கியம் இருக்கு. இந்தத் துறையில பட்டம் வாங்கின எல்லாரோடதுலயும் இருக்கு. நீ இந்தப் பக்கத்தத் திருப்பினா எத்தனை பேர் பட்டம் திரும்பும்னு யோசிச்சியா?"

மிருதுளா யோசித்தாள். யோசித்துவிட்டு, இரண்டு பக்கங்களையும் சேர்த்து முழு வாக்கியத்தையும் ஆய்வேட்டில் எழுதினாள். அதன் கீழே, அறிவு மாளிகை நிற்கும் இடத்தில் முன்பு ஓடிய கால்வாயின் வரைபடத்தையும் சேர்த்தாள். மையத்திலிருந்து உடனே அழைப்பு வந்தது. குற்றச்சாட்டு: வாசிப்பு உத்தி மீறல். பிரிவு: அளவுக்கு மீறிய வாசிப்பு.

விசாரணை அறையில் தோத்தாத்ரி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் பியூலா. மறு பக்கம் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒருவர். அவர் பேசுவதில்லை, எழுதிக்கொள்வார். கிட்டுவைச் சாட்சியாக வரவழைத்து, புத்தகத்தோடு ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

"எவ்வளவு படிச்ச?" என்று தோத்தாத்ரி மின்விசிறியைக் கேட்டார்.

"முழுசும் சார்," என்றாள் மிருதுளா.

"எதுக்கு?"

"நல்லா இருந்தது சார்."

பதிவாளர் அலுவலகத்துக்காரர் அதை எழுதிக் கீழே கோடும் போட்டுக்கொண்டார்.

"சரி. நான் காட்டின மேற்கோள்ல என்ன தப்பு? 211ஆம் பக்கத்துல அது இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அதுக்கு அப்புறம் அந்தப் பக்கத்துல ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். பக்கம் முடிஞ்சிடுது."

"முடிஞ்சிடுதில்ல? பக்கம் முடிஞ்சா கருத்தும் முடிஞ்சது. அடுத்த பக்கம் அடுத்த கருத்து."

"அடுத்த பக்கம் 'என்று'ன்னு ஆரம்பிக்குது சார்."

"அது அந்த ஆசிரியரோட நடையில இருக்கற கோளாறு. அதுக்கு நான் பொறுப்பில்ல." தோத்தாத்ரி சற்று முன்னால் சாய்ந்தார். அவர் குரலில் உண்மையான துயரம் இருந்தது. "ஒரு நிறுவனம் எப்படிம்மா நிக்குது? ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் நம்பறதுனால நிக்குது. நான் 211ஐ நம்பினேன். என்னை நம்பி இவங்க எழுதினாங்க. இவங்கள நம்பி நிர்வாகம் ஏழு மாடி கட்டிச்சு. யாருமே திரும்பிப் பார்க்கல. அதுக்குப் பேருதான் ஆராய்ச்சி மரபு. நீ பாட்டுக்குப் புத்தகத்தத் தொறந்து பார்த்தா, நாளைக்கு எல்லாரும் தொறந்து பார்ப்பாங்க."

பிறகு அவள் முன்னால் ஒரு தாளை நகர்த்தினார்கள். மன்னிப்புக் கடிதம், தயாராகத் தட்டச்சு செய்தது. கையெழுத்து மட்டும் போட்டால் போதும். மிருதுளா அதையும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். பியூலா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இதுல மூணு வாக்கியம் இருக்கு," என்றாள் மிருதுளா. "'அளவுக்கு மீறி வாசித்தேன்.' அதுக்குக் கிட்டு சார் சாட்சி. 'அதனால் மேற்கோளைத் தவறாகப் புரிந்துகொண்டேன்.' இதுக்கு ஆதாரம் இல்ல. 'வருந்துகிறேன்.' இதுக்கும் எங்கயும் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாத வாக்கியத்துல கையெழுத்துப் போட்டா அது மையத்தோட விதிக்கு விரோதம் சார்."

தாளைத் திருப்பி அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

தோத்தாத்ரி அவளைப் பார்க்காமலே தீர்ப்பைச் சொன்னார். மாணவர் நலன் கருதி, 'கலங்கலும் மதகும்' நூலின் 212ஆம் பக்கம் உடனடியாக நீக்கப்படுகிறது. கிட்டு அதைச் செய்ய வேண்டும்.

கிட்டு கத்தரிக்கோலைக் கையில் வாங்கிக்கொண்டார். புத்தகத்தைத் திறந்தார். தாளைப் பிடித்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார்.

"வெட்டுங்க," என்றார் தோத்தாத்ரி.

"வெட்டலாம் சார். ஆனா இதுக்குப் பின்னாடி 211 இருக்கு. ரெண்டும் ஒரே தாள். இது போனா அதுவும் போயிடும். அப்புறம் உங்க மேற்கோளுக்கு ஆதாரம்…"

அன்றைய கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

வெளியே ஹேமநாத் காத்துக்கொண்டிருந்தான். "இன்னா சொன்னானுங்கோ?"

"பக்கத்த வெட்டப் பார்த்தாங்க. வெட்ட முடியல."

அவன் சிரிக்கவில்லை. "மிருது, நான் எழுதின ரெண்டாம் அத்தியாயத்துலயும் அந்த மொட்ட வாக்கியந்தான் கீது. குடு அந்தப் படத்த. முழுசாப் போட்டுடறேன். என்னியும் உள்ள கூப்ட்டு விசாரிக்கட்டும்." சாயங்காலத்துக்குள் அந்தப் படம் வகுப்பு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது.

வாய்மொழித் தேர்வு நெருங்கியது. விதிப்படி வெளியூர்த் தேர்வாளர் வர வேண்டும். நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து பேராசிரியர் ஜோசலின் வந்தார். அறிவு மாளிகையின் இரண்டாம் மாடியில் தேர்வு. மிருதுளா முழு வாக்கியத்தையும் நடுவில் மூச்சு விடாமல் வாசித்தாள். ஜோசலின் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு தடவ வாசி."

வாசித்தாள்.

"அந்தப் புத்தகம் இருக்கா?"

தோத்தாத்ரி, புத்தகம் பராமரிப்பில் இருப்பதாகச் சொல்வதற்குள் கிட்டு அதைக் கொண்டுவந்துவிட்டார். ஜோசலின் 211ஐ வாசித்தார். தாளைத் திருப்பினார். வாசித்தார். மறுபடி 211க்கு வந்தார். அவர் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

"என் பிஎச்.டி.யோட முதல் வரியே இதுதான்," என்றார். "உங்க கட்டுரையிலேர்ந்துதான் எடுத்தேன் சார். இதக் காட்டித்தான் எங்க ஊருல ஒரு குளத்த மூடறதுக்கு நானே தடையில்லாச் சான்று எழுதிக் கொடுத்தேன்."

ஜோசலின் பேனாவை எடுத்தார். தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்திட்டார். "நல்லா வாசிச்சிருக்கா பொண்ணு," என்றார்.

"மேடம், அதுதான் குற்றச்சாட்டே," என்றார் பியூலா, பழக்கதோஷத்தில்.

ஆனாலும் முடிவு வரவில்லை. மற்ற எல்லோருக்கும் வந்தது. மிருதுளாவின் பெயருக்கு எதிரே மட்டும், 'ஆதாரத் தூய்மை மறு ஆய்வில்' என்று இருந்தது. படப்பையில் ஒரு நீர் சுத்திகரிப்பு நிறுவனத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மதிப்பெண் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லி அங்கிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். மையத்துக்குப் போனால், "அந்த ரெண்டாவது பாதிய நீக்கிட்டு வாம்மா, அன்னிக்கே ரிசல்ட்" என்றார்கள்.

வீட்டில் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒரு வரிதானேம்மா. எடுத்துக் குடுத்துடேன். வேலை போயிடப் போறது."

"அப்பா, நம்ம வீட்டுல அன்னிக்குத் தண்ணி எது வரைக்கும் வந்தது?"

ராகவேந்திரா சுவரைப் பார்த்தார். எத்தனை தடவை பெயின்ட் அடித்தும் மறையாத ஒரு பழுப்புக் கோடு ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே ஓடியது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் மட்டும், கேட்காமலே ஸ்கூட்டரை எடுத்து அவளை ஸ்டேஷனில் கொண்டுவிட்டார்.

மிருதுளா மையத்துக்குப் போகவில்லை. நேரே நூலகத்துக்குப் போனாள்.

"கிட்டு சார், தோத்தாத்ரி சாரோட பிஎச்.டி. ஆய்வேடு இங்க இருக்கா?"

கிட்டு ஏணியை இழுத்துப் போட்டு, கண்ணாடி அலமாரியின் மேல்தட்டிலிருந்து சிவப்புக் காலிகோத் துணி அட்டை கட்டிய ஒரு தடிமனான புத்தகத்தை இரண்டு கையாலும் இறக்கினார். அவள் அதை ஜன்னலோர மேஜைக்கு எடுத்துப் போனாள். அட்டையைத் திறந்தாள். முதல் பக்கம். இரண்டாவது பக்கம். பக்கத்தில் ஒரு தாளில் ஒவ்வொரு மேற்கோளாகக் குறித்துக்கொண்டே போனாள். நடுநடுவே எழுந்து போய் மூல நூல்களையும் எடுத்து வந்தாள். மேஜையில் அடுக்கு உயர்ந்தது.

அரைமணி நேரத்துக்குள் செய்தி இரண்டு கட்டடம் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. தோத்தாத்ரி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்று, கிட்டுவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு என்ன படிக்கறா?"

"உங்களோடதுதான் சார்."

"முன்னுரையா, முடிவுரையா?"

"நடுவுல இருக்கா சார்."

தோத்தாத்ரி பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே மிருதுளா ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அந்தச் சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டிருக்க முடியாது; ஆனாலும் அவர் உடம்பு ஒரு முறை அதிர்ந்தது.

"மொத்தம் எத்தனை பக்கம்?" என்று கேட்டார்.

"சார், நீங்க எழுதினதுதானே…"

"அதான் கேக்கறேன்," என்றார் தோத்தாத்ரி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மின்விசிறியைப் பார்க்காமல் எதிரே இருந்தவரின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அன்று அலுவலகம் மூடுவதற்குள் மிருதுளாவின் முடிவு வெளியாகிவிட்டது. முதல் வகுப்பு. ஆய்வேடு முழுமையாக, இரண்டு பாதியோடும், கால்வாய் வரைபடத்தோடும் ஏற்கப்பட்டிருந்தது. கிட்டுதான் ஓடி வந்து சொன்னார்.

"ரிசல்ட் வந்துடுத்தும்மா. மையத்துலேர்ந்து ஆள் வந்திருக்கு, சர்ட்டிபிகேட்ட இங்கயே கொண்டுவந்து தரேங்கறாங்க. புத்தகத்த எடுத்து வச்சுடட்டுமா? நீ கிளம்பலாமே."

மிருதுளா நிமிர்ந்து சிரித்தாள்.

"சர்ட்டிபிகேட்ட வாங்கி வையுங்க சார்," என்றாள். "இத இன்னும் பாதிகூடப் படிக்கல."